மலைக்குப் போகும் வழி

(ஆரணியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பட்டைப் பற்றியோ நெசவுக் கூலியைப் பற்றியோ பேச்சு இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்றைய பொருள் கொஞ்சம் புதிதாகப் படலாம். தார்ச்சாலை முடிகிற இடத்துக்கு அப்பால், சாதாரண மக்கள் காலாற நடக்கவும் மலை ஏறவும் அருவியில் நனையவும் இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றியது இந்த உரை. ஆரணிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

ஆரணியில் பட்டு நெய்கிறவர் விடிந்ததும் தறிக்குழிக்குள் காலை இறக்கினால் பொழுது சாயும்வரை கால் அங்கேதான். மிதிகட்டையை மாறி மாறி மிதிக்கிற அந்தக் கால், நாள் முழுவதும் உழைத்தும் ஓர் அடி நகர்வதில்லை. கண் ஊடையில், கை நாடாக் கயிற்றில், முதுகு வளைந்தபடி. ஜக்கார்டின் சத்தம் ராத்திரி படுத்த பிறகும் காதுக்குள் ஓடும். பாவு பிணைக்கிற பெண்ணுக்குக் குழிகூட இல்லை. தரையில் சம்மணமிட்டு, பழைய பாவின் இழையையும் புதுப் பாவின் இழையையும் சாம்பல் தொட்ட விரலால் திரித்துத் திரித்து, முடிச்சே தெரியாமல் ஒன்றாக்குவார். ஒரு பாவில் இழைகள் ஆயிரக்கணக்கில். எழுந்து நிற்கும்போது முழங்கால் மடங்கியது மடங்கியபடியே இருக்கும்.

இப்படி மாதக்கணக்கில் உட்கார்ந்த உடம்புக்கு நடைதான் மருந்து. அதற்கென்று ஒரு நாளும் இருந்தது. அமாவாசை அன்று தறி ஓடாது என்பது பட்டு நெசவூர்கள் பலவற்றில் பழைய வழக்கம். கிளம்பிப் போக இடத்துக்கும் குறைவில்லை. மேற்கே ஜவ்வாது மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயில், அங்கிருந்து கமண்டல ஆற்றின் மேல் செண்பகத்தோப்பு அணை. காட்டோரத்தில் ஆரணி ஜாகிர்தார் குடும்பத்தார் கட்டிய பூசிமலைக்குப்பம் மாளிகை. போளூர்ப் பக்கம் போனால் 16 மீட்டருக்கும் மேற்பட்ட நேமிநாதர் சிலை நிற்கும் திருமலை. இன்னும் தள்ளிப் போனால் பர்வதமலை, திருவண்ணாமலை. ஜமுனாமரத்தூரைச் சுற்றிக் கொளப்பன் ஏரி, பீமன் நீர்வீழ்ச்சி. ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி பிறப்பதும் இந்த ஜவ்வாது மலையில்தான்.

இந்த இடங்களுக்குப் போவதை யாரும் 'டிரெக்கிங்' என்று சொன்னதில்லை. "படவேட்டுக்குப் போயிட்டு வரோம்", "பர்வதமலை ஏறப் போறோம்" என்பார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, குழந்தைகளை இடுப்பிலும் தோளிலும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அம்மனுக்கு வேண்டுதல், ஆடி வெள்ளி, கார்த்திகை, பௌர்ணமி என்று ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் பொய்யும் இல்லை. ஆனால் சாமி கும்பிட்ட பிறகு ஓடைக்கரையில் அரைநாள் உட்கார்ந்திருப்பதற்கும், பாறைமேல் ஏறிக் காற்று வாங்குவதற்கும், மலைமேலிருந்து தம் ஊர் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கும் வேண்டுதல் தேவையில்லை. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். காடு மலை என்று தனியாகக் கிளம்பும் பெண்ணை வீடு விடாது. கோயில் என்றால் விட்டது. தமிழ்நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஏறிய ஒரே மலை ஏதோ ஒரு சாமியின் மலையாகத்தான் இருக்கும்.

பர்வதமலையை ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 4,500 அடிக்கு மேல் உயரம். தென்மாதிமங்கலம் பக்கமும் கடலாடிப் பக்கமும் ஏறலாம். படிகள் முடிந்து, கல்லும் மரவேரும் முடிந்து, கடைசியில் செங்குத்துப் பாறை. அதில் கடப்பாறைகளை அடித்து இறக்கி, சங்கிலி கோத்திருக்கிறார்கள். ஆயிரம் கைகள் பிடித்துப் பிடித்து அந்தக் கடப்பாறைகள் வழுவழுவென்று ஆகியிருக்கும். ராத்திரியில் ஏறுகிறவர்கள் மேலேயிருந்து இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, முன்பின் தெரியாத கிழவியின் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். டார்ச் இல்லாதவருக்குப் பின்னால் வருகிறவர் வெளிச்சம் காட்டுவார். பயிற்சி வகுப்போ தலைக்கவசமோ இல்லாமல், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த மலையேற்ற அறிவு அது.

இதற்குப் பூட்டு விழ ஆரம்பித்தது எப்போது என்றால், ஒரு தேதியைச் சொல்லலாம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை.

அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்து போன ஒரு குழுவும், திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து போன இன்னொரு குழுவும் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. சென்னைக் குழுவில் பெரும்பாலோர் வேலைக்குப் போகும் இளம்பெண்கள். சரிவு முழுக்க ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல். அடுத்தடுத்த நாட்களில் சாவு எண்ணிக்கை ஏறி 23இல் நின்றது. முதலில் மேலே ஓடியவர்கள் சுற்றுவட்ட ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பாதைக்குத்தான் அனுமதி, கொழுக்குமலைக்கு இல்லை என்றது வனத்துறை. அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடந்தது. இறந்தவர்களின் பெற்றோருக்கு எந்த விசாரணையும் ஆறுதல் ஆகாது. அந்தச் சாவுகளை மறந்துவிட்டு மலை உரிமை பேசுவது நியாயமும் இல்லை.

ஆனால் குரங்கணி சொன்ன பாடம் ஒன்று, நாடு எடுத்துக்கொண்ட பாடம் வேறொன்று. மார்ச்சு மாதத்தில், புல் காய்ந்து தீப்பெட்டியாக நிற்கும் சரிவில், அந்த மலையை அறிந்த உள்ளூர்க்காரர் போதிய அளவில் கூட இல்லாமல், பெரிய குழு போகக்கூடாது. இதுதான் அங்கே கற்க வேண்டியது. பருவமும் வழிகாட்டியும் சரியாக இருந்தால் அந்தப் பாதையே ஆபத்து குறைந்த பாதை. நடந்ததோ மாநிலம் முழுக்க மலையேற்றத்துக்குத் தடை. பின்னர் அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். முன்அனுமதி, கட்டணம், வழிகாட்டி கட்டாயம். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்பதால் அறவே கிடையாது. இவற்றில் தீக்காலத் தடை முழுக்க முழுக்கச் சரி. அதை எதிர்க்கிறவர் மலையை அறியாதவர்.

2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் ஒரு திட்டத்தைத் தொடங்கின. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். மலையோரத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள். ஏலகிரி சுவாமிமலை, ஜலகாம்பாறை, குடியம் குகை, வெள்ளியங்கிரி, குரங்கணியேகூட அதில் இருக்கின்றன. மூடிக் கிடந்ததை ஒழுங்காகத் திறந்தது நல்ல காரியம். பழங்குடி இளைஞர்களுக்குத் தம் காட்டிலேயே கௌரவமான வேலை கிடைத்ததும் நல்ல காரியம். பாராட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

அந்தப் பட்டியலில் திருவண்ணாமலை மாவட்டம் இல்லை. ஜவ்வாதின் பெரும்பகுதியை மடியில் வைத்திருக்கும் மாவட்டத்துக்குத் தொடக்கப் பட்டியலில் ஒரு பாதைகூட ஒதுக்கப்படவில்லை. ஆரணிக்காரர் ஜவ்வாதின் வேறொரு முகத்தைப் பார்க்கத் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்ச் சீட்டு எடுக்க வேண்டும். கட்டணமும் பாதைக்குப் பாதை மாறிச் சில ஆயிரங்கள்வரை போகிறது. கணினி நிறுவன ஊழியர் நண்பர்களோடு வாரக்கடைசியில் செலவழிக்க அது பெரிய தொகை இல்லை. கூலிக்கு நெய்கிற தம்பதி இரண்டு பிள்ளைகளோடு போக நினைத்தால், சேலைக் கூலியில் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இணையச் சீட்டு, ஒரு குழுவுக்கு இத்தனை பேர், இத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அமாவாசைக்கு அமாவாசை கட்டுச்சோற்றோடு கிளம்பும் குடும்பத்துக்குப் பொருந்துகிற ஏற்பாடு ஆகாது. விதிகளின் கண்ணில் இரண்டே வகை மனிதர்கள்: மலையேற்றப் பயணி, பக்தர். இரண்டும் கலந்த ஆரணிக் குடும்பம் எந்தப் பட்டியலிலும் சேராமல் நடுவில் நிற்கிறது.

பக்தர் என்ற பட்டியலும் சுருங்கிக்கொண்டேதான் வருகிறது. சதுரகிரியில் பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே அனுமதி இருந்தது. திருவண்ணாமலையிலோ தீபத்தன்று எவ்வளவு பேரும் மலை ஏறிய காலம் போய், சில ஆயிரம் அனுமதிச் சீட்டு என்று ஆனது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையின் ஒரு பகுதி சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டைப் புதைத்தது. குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 தீபத்துக்கு, வல்லுநர் குழு மலையைப் பார்த்துச் சொன்னதன் பேரில், பொதுமக்கள் யாரும் ஏறக்கூடாது என்றார்கள். கொப்பரையையும் நெய்யையும் திரிக்கான ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத்துணியையும் சுமந்து போகிறவர்கள் மட்டும் ஏறினார்கள். தீபம் ஏற்றும் உரிமை வழிவழியாகப் பருவத ராஜ குலத்தாருடையது, அது நின்றுவிடவில்லை.

அந்த ஆண்டுத் தடை தேவைதான். ஈரம் ஊறிய மண்ணில் ஆயிரக்கணக்கானோர் ஏறுவதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அடிவாரச் சரிவில் வீடுகள் நெருக்கி நெருக்கி மேலேறியதை நெடுங்காலம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரிவு நேர்ந்ததும் முதலில் நிறுத்தப்படுவது ஏன் நடந்து போகிறவரின் கால்? ஒரு தடை வந்தால் அது எந்த மாதம் நீங்கும், எதைச் சரிசெய்தால் நீங்கும், யார் வந்து மறுபடி பார்ப்பார்கள் என்று எழுதிக் கையில் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் ஏன் இல்லை? 'மறு உத்தரவு வரும் வரை' என்ற நான்கு சொற்களுக்குள் எத்தனை மலைகள் காணாமல் போயிருக்கின்றன!

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இன்றும் நடப்பில் இருப்பது 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம்தான். தமிழ்நாடு வனச் சட்டம் என்று பெயர் மாறியிருக்கிறது. 1878இல் இந்திய வனச் சட்டம் வந்தபோது சென்னை அரசு அதை அப்படியே ஏற்கவில்லை. கிராமத்தாருக்குக் காட்டில் பழைய அனுபோக உரிமைகள் உண்டு என்று வருவாய் வாரியத்தில் வாதாடிய அதிகாரிகள் இருந்தார்கள். அந்தத் தயக்கத்துக்குப் பிறகே தனிச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு நிலத்தைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன், அக்கம்பக்கத்து ஊர்களில் அந்தந்த மொழியில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். வனத் தீர்வு அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்து ஊராரின் உரிமைகளை விசாரிக்க வேண்டும். விசாரிக்க வேண்டிய உரிமைகளில் முதலில் வருவது வழி உரிமை. பிறகு மேய்ச்சல், காட்டுப்பொருள், நீரோட்டம். காப்புக்காட்டுக்குள் இருக்கிற பாதையை மூட வேண்டுமானால், அதற்கு ஈடாக வசதியான இன்னொரு பாதை இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் சிந்தனை.

வெள்ளைக்காரன் காட்டை மரத்துக்காக வளைத்துப் போட்ட சட்டம் அது. அதிலேயே இவ்வளவு இருந்தது. கிடைத்தது என்னவோ வேறு. எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் ஒட்டிய அறிவிப்பை யார் படித்தார்கள்? கெடுவுக்குள் கோராத உரிமை அற்றுப்போகும் என்ற விதியால், நூறு தலைமுறை நடந்த பாதைகள் ஒரு கையெழுத்தில் அத்துமீறல் ஆயின. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினருக்குத் தம் சந்தனமரக் காட்டிலேயே திருடன் பட்டம் கிடைத்தது இந்த வழியில்தான். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்து சமூக உரிமைகளைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் உயர்நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒன்றால் பட்டா வழங்கல் ஆண்டுக்கணக்கில் முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது.

நெசவாளிகளின் அவையில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் என்ற பெயரைச் சொன்னால் கசக்கும். அந்த ஊர் ஆலைத்துணி நம் கைத்தறியை என்ன செய்தது என்று இங்கே சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களும் தொழிலாளிகள்தான். வாரம் முழுக்கப் புகையிலும் இரைச்சலிலும் நின்றுவிட்டு ஞாயிறு அன்று பக்கத்து மேட்டுநிலத்துக்கு நடக்கப் போனால், அங்கே பிரபுக்களின் காவற்காரர்கள் தடியோடு நின்றார்கள். கிண்டர் ஸ்கவுட் என்ற அந்த மேட்டுநிலம் பறவை வேட்டைக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. ஆண்டில் சில நாள் நடக்கும் வேட்டைக்காக ஆண்டு முழுக்கப் பூட்டு. 1932 ஏப்ரல் 24, ஞாயிறு, சுமார் 400 பேர் வரிசையாக அதன் மேல் ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. காவற்காரர்களோடு தள்ளுமுள்ளு நடந்தது. ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். நடந்ததற்காகச் சிறையா என்று நாடே கேட்டது.

பலன் உடனே வரவில்லை. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புற அணுகலுக்குமான சட்டம். 1951இல் கிண்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 2002இல், எழுபதாம் ஆண்டு நிறைவில், அந்த நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பத்துப் பிரபு மன்னிப்புக் கேட்டார். சண்டை அங்கேயும் முடிந்தபாடில்லை. டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கூடாரம் போட்டு இரவு தங்கும் உரிமையை எதிர்த்து ஒரு நிலவுடைமையாளர் வழக்குப் போட்டு 2023இல் உயர்நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் மக்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பதிவேட்டில் ஏறாத பழைய நடைபாதைகள் குறித்த தேதிக்குப் பின் அழிந்துவிடும் என்று ஒரு கெடு இருந்தது. கெடு நெருங்க நெருங்க, நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களைத் தோண்டி எடுத்துப் பாதைகளைப் பதியவைத்தார்கள். அந்தக் கெடுவையே நீக்குவதாக அரசு 2024 இறுதியில் அறிவித்தது.

இதைச் சொன்னதும் ஒரு மறுப்பு எழும். எழவும் வேண்டும். திறந்துவிட்ட இடமெல்லாம் என்ன ஆகிறது? அருவிக்கரையில் உடைந்த பாட்டில், பாறை இடுக்கில் நெகிழிப்பை, ஓடையில் சோப்பு நுரை. ஜவ்வாது மலைச் சாலை ஓரத்தில் இதைக் காணாதவர் இல்லை. அணைக்காத பீடி ஒன்று ஒரு மலையை எரிக்கும். சத்தத்தோடு காட்டுக்குள் புகும் மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் மண்ணைக் கிழித்துப் போட, அடுத்த மழையில் அந்தத் தடம் ஓடையாகிவிடும். கேரளத்தின் இடுக்கியில் 2025 ஜூலையில் ஒரு விபத்துக்குப் பின் மாவட்ட நிர்வாகம் மலைப்பாதை ஜீப் சவாரியை மொத்தமாக நிறுத்தியது. ஓட்டுநர்கள் கொதித்தார்கள். பிறகு வழித்தடங்களைப் பார்வையிட்டு, நிபந்தனைகள் வைத்து, சிலவற்றைத் திறந்தார்கள். நிறுத்தியதையும் திறந்ததையும் எழுத்தில், தேதியோடு, காரணத்தோடு செய்தார்கள். அது பின்பற்றத் தக்கது.

எந்திரமும் காலும் ஒன்றில்லை. ஜீப்பையும் பைக்கையும் காட்டுப்பாதையில் தடுப்பது சரி. அதே பலகையில் 'நடக்கவும் கூடாது' என்று சேர்த்து எழுதும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது. குப்பைக்கு மருந்து கண்காணிப்பும் அபராதமும் ஊர்க்காவலும். பொது இடத்தைப் பூட்டினால் குப்பை போடுகிறவன் வேறு இடம் தேடிப் போவான். குப்பையைப் பொறுக்குகிறவன் வீட்டில் உட்கார்ந்துவிடுவான். நுட்பமான வேலை நடக்கும் இடங்கள்கூட மக்களுக்குக் கதவு திறந்தே வைத்திருக்கின்றன. ஜவ்வாதிலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர்த் தொலைநோக்கி. ஒரு விளக்கு வெளிச்சம் கூடினாலும் அவர்கள் வேலை கெடும். அங்கே சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விட்டு வானத்தைக் காட்டும் வழக்கம் உண்டு.

மக்கள் கால் படுகிற மலைக்கு மக்களே காவல் என்பதற்கு மதுரையைவிட நல்ல சாட்சி இல்லை. 2010இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப் போகிறோம் என்று பேச்சு வந்தபோது ஒத்தக்கடைப் பக்கத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த வேகத்தில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கியது 'பசுமை நடை'. மாதம் ஒரு மலை, மாதம் ஓர் ஊர் என்று நூற்றுக்கணக்கானோர் குழந்தைகளோடு போய், சமணப் படுக்கைகளையும் தமிழி எழுத்துகளையும் பார்த்துவிட்டு, ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு வருவார்கள். அரிட்டாபட்டி அவர்கள் கால்பட்ட ஊர். 2022இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. 2024இல் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலம் போனது என்ற செய்தி வந்ததும் ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. அந்தப் போராட்டம் ஊர்க்காரர்களுடையது. வெளியூர்க்காரர் பலருக்கும் அரிட்டாபட்டி என்றால் எது என்று தெரிந்திருந்ததற்கு அந்த நடைகள் காரணம். திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலை, வேடியப்பன் மலையில் இரும்புத்தாது எடுக்கத் திட்டம் வந்தபோதும் முன்னால் நின்றவர்கள் அந்த மலைகளில் ஆடு மேய்த்தவர்களும் சாமி கும்பிட்டவர்களும்தான். யாரும் ஏறாத மலையை ஒருவன் வெட்டி எடுத்தால், வெட்டியது தெரியவே ஊருக்குப் பத்து வருடம் ஆகும்.

மலையை விட்டுக் கீழே இறங்கினால் கதை இன்னும் சுருக்கம். கோடையில் வற்றிய ஏரி உள்வாயும் ஆற்று மணலும்தான் சிறு ஊர்ப் பையன்களின் கிரிக்கெட் மைதானம். ஆற்று மணல் லாரியில் போனது. மிச்சத்தில் கருவேலம் முளைத்தது. ஏரிக்கரையோரம் மனைகளாகிறது. பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களுக்கு அதையே வரன்முறைப்படுத்திக் கொடுப்பது செல்லாது என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியும் நிலைமை மாறியது கொஞ்சம். விடியற்காலையில் தெரு முழுக்கப் பாவு நீட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை சரிபார்த்த நெசவுத் தெருக்களே இன்று வண்டிகளுக்கு இடம் விட்டு ஒதுங்கிவிட்டன. தன் தெருவையே இழந்தவருக்கு மலையை இழப்பது பெரிதாகத் தோன்றாமல் போய்விடக்கூடும் என்பதுதான் கவலை.

ஆகவே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு கிராம வரைபடம் இருக்கிறது. அதில் வண்டிப்பாதை இரட்டைக் கோடாகவும் நடைபாதை புள்ளிக்கோடாகவும் போட்டிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கிறது. எந்தப் புல எண் பாதைப் புறம்போக்கு, எது மேய்ச்சல், எது மந்தைவெளி என்று அதில் தெரியும். ஜவ்வாது அடிவாரத்து ஊர்களிலிருந்து மேலே ஏறும் ஒற்றையடிப் பாதைகளில் எத்தனை அந்தப் புள்ளிக்கோடுகளில் இருக்கின்றன, காப்புக்காட்டு எல்லைக்கல்லில் எவை முடிகின்றன என்று இதுவரை யாரும் ஊர் ஊராக உட்கார்ந்து தொகுத்து வைத்ததாகத் தெரியவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் செய்துவிடக்கூடிய வேலை. புளியும் சாமையும் தேனும் சுமந்து மலையிலிருந்து இறங்கிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பாறையில் இளைப்பாறுவார்கள், எந்தச் சுனையில் தண்ணீர் வற்றாது என்று அவர்கள் சொல்ல, எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதியதைக் கிராம சபையில் வைக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் சபை கூடுகிறது. மலை ஊர்களில் வன உரிமைச் சட்டத்தின்படிச் சமூக உரிமை கோரும்போது பாதைகளையும் சேர்த்துக் கோர வேண்டும். அங்கே முதல் சொல் மலைக்காரருடையது, ஆரணிக்காரர் விருந்தாளி. வனத்துறையிடம் கேட்க வேண்டியதும் பெரிதில்லை. தீக்காலத்துக்கும் பெருமழைக்கும் பாதையை மூடட்டும். மூடும் பலகையில் காரணமும் திறக்கும் நாளும் இருக்கட்டும். திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஜவ்வாதில் குடும்பங்கள் போகிற மாதிரி இரண்டொரு எளிய பாதை கொடுக்கட்டும். அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளூர்க்காரருக்குப் பேருந்துக் கட்டணம் அளவுக்கு ஒரு சீட்டு. இணையம் வேண்டாம், அடிவாரத்துச் சாவடியிலேயே கிடைக்கட்டும். உடன் வரும் மலையூர் வழிகாட்டிக்கு நாட்கூலியை அரசு கொடுக்கட்டும். அந்தச் சீட்டு அமாவாசை அன்று கட்டாயம் கிடைக்க வேண்டும்.